உங்களுக்குத் தெரியுமா? அச்சும் அரசும்

● இந்தியாவின் முதல் செய்தித்தாளான 'ஹிக்கியின் பெங்கால் கெசட்' 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் வெளிவந்தது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸையே வம்புக்கு இழுத்த ஹிக்கி சிறைக்குப் போனார். அங்கிருந்தபடியே பத்திரிகையை நடத்தினார். 1782-இல் அச்செழுத்துகளைப் பறிமுதல் செய்த பிறகுதான் அது நின்றது.

● நாளிதழின் அடியில் பொடி எழுத்தில் "அச்சிட்டு வெளியிடுபவர்" என்று ஒரு வரி வருகிறதே, அதற்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது. பிரெஞ்சுக்காரர்களோடு பகை முற்றிய 1799-இல், அச்சிடுபவர் பெயரைப் பத்திரிகையிலேயே போட வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி உத்தரவிட்டார். வம்பு வந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே! 1867-ஆம் ஆண்டுச் சட்டமும் இதைக் கட்டாயமாக்கியது. அந்தச் சட்டம் 2024 மார்ச் 1 வரை உயிரோடு இருந்தது.

● பத்திரிகை நடத்த லைசென்ஸ் வேண்டும் என்று 1823-இல் கம்பெனி அரசு விதித்தது. கைகட்டி நின்று அனுமதி கேட்பதைவிட மூடிவிடுவதே மேல் என்று ராஜாராம் மோகன்ராய் தம் பாரசீகப் பத்திரிகையை நிறுத்திக்கொண்டார். 1835-இல் அந்த விதியை நீக்கியவர் தற்காலிக கவர்னர் ஜெனரல் சார்லஸ் மெட்காஃப்.

● 1878 மார்ச்சில் வைசிராய் லிட்டன் பிரபு கொண்டுவந்த சட்டம் இந்திய மொழிப் பத்திரிகைகளை மட்டுமே குறிவைத்தது. வங்காளத்தின் 'அம்ரித பஜார் பத்திரிகா' என்ன செய்தது? ஒரே வாரத்தில் முழு ஆங்கிலப் பத்திரிகையாக மாறிவிட்டது!

● பாரதியார் எழுதிக் குவித்த 'இந்தியா' வார இதழில் சட்டப்படி பெயர் பதிந்திருந்தவர் எம். சீனிவாசன். 1908-இல் ராஜதுரோக வழக்கு வந்தபோது சிறைக்குப் போனவரும் அவர்தான். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குப் போய்ச் சேர, பின்னாலேயே பத்திரிகையும் போனது.

● நம் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவில் 'பத்திரிகை' என்ற சொல்லே கிடையாது. பேச்சுரிமைக்குள் அதுவும் அடக்கம் என்பதே விளக்கம். 1950-இல் பம்பாயின் 'கிராஸ் ரோட்ஸ்' இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரத் தடை போட்டார்கள். அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மறு ஆண்டே அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, பேச்சுரிமைக்கான வரம்புகளில் 'பொது ஒழுங்கு' சேர்ந்துகொண்டது.

● நெருக்கடி நிலையின்போது, 1975 ஜூன் 28 அன்று 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' தலையங்கத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டது. அப்படி வெற்றிடம் விடுவதற்கும் பிறகு தணிக்கையாளர்கள் தடை போட்டார்கள்.

● பத்திரிகைகள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரஸ் கவுன்சில் அதே நெருக்கடி நிலையில் கலைக்கப்பட்டு, 1979-இல் மீண்டும் வந்தது. எச்சரிக்கலாம், கண்டிக்கலாம், ஒரு ரூபாய்கூட அபராதம் போட முடியாது.

● 1987-இல் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு கிளம்பியதால் சில நாட்களிலேயே விடுதலை. அவர் விடவில்லை, வழக்குப் போட்டு 1000 ரூபாய் இழப்பீடு பெற்றார்.

● சிறையிலிருந்த கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிட 'நக்கீரன்' முனைந்தபோது சிறைத்துறை குறுக்கிட்டது. அவதூறு என்றால் வெளியான பிறகு வழக்குப் போடலாம். வருமுன்பே அதிகாரிகள் தடுக்க முடியாது என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிமனித அந்தரங்க உரிமை பற்றிய வழக்குகளிலும் இந்தத் தீர்ப்பு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது.

● செய்தித்தாளுக்கு லைசென்ஸ் தேவையில்லை, பதிவு போதும். தனியார் எஃப்.எம். வானொலிக்கு லைசென்ஸும் வேண்டும்; அது கிடைத்தாலும் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்கக்கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம், அவ்வளவுதான்.