செல்லாத ஓட்டு யாருக்கு வலிக்கும்?
கோபத்தில் சீட்டைக் கெடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு

ஓட்டுப் போடத் தெரியாதவர்கள் யார் என்று கேட்டால், "எழுதப் படிக்கத் தெரியாதவங்க" என்று சட்டென்று பதில் வரும். 2025-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி டெல்லியில் நடந்த துணை ஜனாதிபதி தேர்தல் அதைப் பொய்யாக்கிவிட்டது.

அந்தத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள் அத்தனை பேரும் எம்.பி.க்கள். பதிவானவை 767 ஓட்டுகள். அவற்றில் 15 ஓட்டுகள் செல்லாதவை!

திருப்பூர்க்காரரான சி.பி.ராதாகிருஷ்ணனுக்கு 452 ஓட்டு கிடைத்தது. எதிர்த்து நின்ற சுதர்சன் ரெட்டிக்கு 300. மீதி 15 சீட்டுகள் யாருக்கும் இல்லாமல் ஒதுங்கின.

2022-ம் ஆண்டு ஜனாதிபதி தேர்தலிலும் இதே கதைதான். அப்போது 53 ஓட்டு செல்லாமல் போயிற்று. அதில் 15 ஓட்டு எம்.பி.க்கள் போட்டவை.

சட்டம் இயற்றும் மனிதர்களுக்கு 1, 2 என்று எண் போடத் தெரியாதா? அல்லது கட்சி மேல் இருந்த கோபத்தில் வேண்டுமென்றே கெடுத்தார்களா? ரகசிய ஓட்டு என்பதால் விடை கிடையாது. தப்பு செய்தவரும் கோபப்பட்டவரும் ஒரே கட்டில் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

"எவனுக்கும் போட மாட்டேன்"

"நிக்கிறவன் ஒருத்தனும் சரியில்லே. எவனுக்கும் போட மாட்டேன். சீட்டுல குறுக்கே கோடு போட்டுட்டு வந்துடுவேன்."

தேர்தல் வந்தால் டீக்கடையிலும் பஸ் நிறுத்தத்திலும் இப்படிப் பேசுகிறவர்களைப் பார்க்கலாம்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிட முடியாது. வெயிலில் வரிசையில் நிற்கிறார்கள். விரலில் மை வைத்துக்கொள்கிறார்கள். வீட்டிலேயே இருந்துவிட்டால் தங்கள் பெயரில் வேறு யாராவது கள்ள ஓட்டுப் போட்டுவிடக்கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். போனது போல் ஆயிற்று, போடாதது போலவும் ஆயிற்று என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் அந்தச் சீட்டு போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது?

மேஜையில் நடப்பது

2004-ம் ஆண்டு பார்லிமெண்டு தேர்தலில் நாடு முழுவதும் மிஷின் வந்துவிட்டது. மிஷினில் ஓட்டைக் கெடுக்க வழியில்லை. ஆனாலும் சீட்டு ஒழிந்துவிடவில்லை. தபால் ஓட்டு சீட்டுதான். தமிழ்நாட்டில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊராட்சித் தேர்தலிலும் பெட்டியும் சீட்டும்தான்.

எந்தச் சீட்டு செல்லாது என்பதற்கு 1961-ம் ஆண்டு தேர்தல் விதிகளில் பட்டியலே இருக்கிறது. முத்திரையே இல்லாவிட்டால் செல்லாது. இரண்டு பேருக்கு முத்திரை விழுந்தால் செல்லாது. சாவடியில் கொடுத்த முத்திரையை விட்டு வேறு எதனாலும் குறி போட்டால் செல்லாது. ஆளை அடையாளம் காட்டும்படி எழுதியிருந்தாலும் செல்லாது.

ஒருவர் சீட்டின் முதுகில், "மூணு வருஷமா தண்ணி வரலே, உனக்கு எதுக்கு ஓட்டு?" என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எண்ணும் மேஜையில் அதைப் பிரிப்பார்கள். ஏஜெண்டுகள் எட்டிப் பார்ப்பார்கள். அவர்களுடைய கவலை எல்லாம் "இது நம்ம ஓட்டா, அவன் ஓட்டா?" என்பதுதான். இரண்டும் இல்லை என்றால் அதிகாரி காரணத்தைக் குறித்து, ஒதுக்கி, கட்டில் சேர்த்துவிடுவார். கட்டுக்கு சீல் வைக்கப்படும். உரிய காலம் கழிந்ததும் அழித்துவிடுவார்கள்.

முடிவு அறிவிக்கும்போது "செல்லாதவை இத்தனை" என்று ஒரே ஒரு எண்தான் வரும். தண்ணீருக்காகக் கோபப்பட்டவரும் அந்த எண்ணில் இருப்பார். கை நடுங்கி இரண்டு சின்னத்தில் முத்திரை வைத்த பாட்டியும் அதே எண்ணில் இருப்பார்.

டெபாசிட் கணக்கு

இன்னொரு சங்கதி பலருக்கும் தெரியாது. செல்லாத ஓட்டு, வேட்பாளரின் டெபாசிட்டைக் காப்பாற்ற உதவுகிறது!

ஒருவர் டெபாசிட்டைத் திரும்பப் பெற, பதிவான செல்லும் ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். செல்லாத ஓட்டு இந்தக் கணக்கில் சேராது.

ஒரு தொகுதியில் 1 லட்சத்து 20 ஆயிரம் ஓட்டு விழுந்து, எல்லாம் செல்லும் என்றால் 20 ஆயிரத்தைத் தாண்ட வேண்டும். அதில் 12 ஆயிரம் பேர் கோபத்தில் சீட்டைக் கெடுத்துவிட்டால், 18 ஆயிரத்தைத் தாண்டினாலே போதும். "எவனும் வேண்டாம்" என்று கெடுத்த ஓட்டு, "எவனோ ஒருவனுக்கு" டெபாசிட்டை மிச்சப்படுத்திக் கொடுக்கிறது.

49 ஓட்டு வித்தியாசம்

"என் ஒரு ஓட்டுல என்ன ஆகிடும்?" என்பவர்கள் ராதாபுரத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2016 சட்டசபைத் தேர்தலில் அங்கே அ.தி.மு.க.வின் இன்பதுரை, தி.மு.க.வின் அப்பாவுவை வெறும் 49 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 203 தபால் ஓட்டுகள் செல்லாது என்று தள்ளப்பட்டிருந்தன. சான்றொப்பம் போட்ட தலைமை ஆசிரியருக்கு அந்த அதிகாரம் உண்டா, இல்லையா என்பதே வழக்கு.

அந்தச் சீட்டுகளை மறுபடி எண்ணும்படி சென்னை ஐகோர்ட்டு 2019 அக்டோபரில் உத்தரவிட்டது. எண்ணினார்கள். முடிவை வெளியிட சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. பதவிக்காலமே முடிந்து 2021-ல் அடுத்த தேர்தல் வந்துவிட்டது.

அந்த 203 பேரும் சீட்டை வேண்டுமென்று கெடுத்தவர்கள் இல்லை. தங்கள் ஓட்டு எண்ணப்படட்டும் என்று போட்டவர்கள். தள்ளுபடியான சீட்டுக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இது ஒன்றே போதும். அந்தக் கனத்தை ஒருவர் தானாகவே தூக்கி எறிவது அவரவர் இஷ்டம். ஆனால் எறிவது என்ன என்று தெரிந்து எறிய வேண்டும்.

காண்டாமிருகம் ஜெயித்தது

செல்லாத ஓட்டு ஊரைக் கலக்கிய சம்பவமும் இல்லாமல் இல்லை.

1959-ல் பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரசபைத் தேர்தலில் சுமார் 1 லட்சம் பேர் சீட்டில் ஒரே பெயரை எழுதினார்கள். பெயர் கக்கரேக்கோ. அது மிருகக்காட்சிசாலையில் இருந்த காண்டாமிருகம்!

நின்ற வேட்பாளர்கள் யாருக்கும் அவ்வளவு ஓட்டு விழவில்லை. அத்தனையும் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆனாலும் செய்தி உலகம் பூராவும் போயிற்று. 1 லட்சம் பேர் ஆளுக்கொரு விதமாகக் கிறுக்கியிருந்தால் அதைக் குப்பை என்று சொல்லியிருப்பார்கள். ஒரே பெயரை எழுதியதால்தான் அது செய்தி ஆயிற்று.

ஆனாலும் நகரசபையில் போய் உட்கார்ந்தது காண்டாமிருகம் இல்லை. மனிதர்கள்தான்.

நோட்டா வந்தது

நம் நாட்டில் கோபக்காரர்களைத் தனியாக எண்ண ஒரு வழி பிறந்தது 2013-ல்தான். அதற்கு முன் 49-ஓ என்று ஒரு விதி இருந்தது. சாவடியில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, "நான் யாருக்கும் போடவில்லை" என்று அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் அதைக் குறித்து மறுபடி கையெழுத்து வாங்குவார். பக்கத்திலேயே கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருப்பார்கள். ஊரில் குடியிருக்கிற மனிதன் எப்படிச் சொல்வான்?

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2013 செப்டம்பர் 27-ந் தேதி தீர்ப்பு வந்தது. ரகசியத்தைக் கெடுக்கும் அளவில் 49-ஓ செல்லாது, மிஷினில் "மேற்கண்ட யாரும் இல்லை" என்று ஒரு பொத்தான் வேண்டும் என்று உத்தரவானது. தீர்ப்புச் சொன்ன பெஞ்சுக்குத் தலைமை வகித்தவர் ஈரோடு மாவட்டத்துக்காரரான தலைமை நீதிபதி பி.சதாசிவம்.

அடுத்த ஆண்டே நீலகிரி பார்லிமெண்டு தொகுதியில் நோட்டாவுக்கு 46,559 ஓட்டு விழுந்தது. நாட்டிலேயே அதுதான் அப்போது அதிகம். ஆனால் ஜெயித்தவர் ஜெயித்தவர்தான். நோட்டா எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் யார் முதலோ அவருக்கே பதவி.

இந்தூரும் சூரத்தும்

2024 பார்லிமெண்டு தேர்தலில் இது நன்றாக வெளிச்சத்துக்கு வந்தது.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கி பாரதீய ஜனதாவுக்குத் தாவினார். "நோட்டாவுக்குப் போடுங்கள்" என்று காங்கிரஸ் கேட்டது. நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு! இரண்டாவது இடம். முதல் இடம் 12,26,751 ஓட்டு வாங்கிய பாரதீய ஜனதாவின் சங்கர் லால்வானிக்கு.

தோற்றாலும் அந்த 2 லட்சத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அது ஏன் விழுந்தது என்று ஊருக்கே தெரியும். எந்த மேஜையிலும் அதைப் பாட்டியின் தவறோடு கலக்க முடியவில்லை.

குஜராத்தில் சூரத்தில் அதுகூட நடக்கவில்லை. சிலர் மனு தள்ளுபடி, மற்றவர்கள் வாபஸ். பாரதீய ஜனதாவின் முகேஷ் தலால் போட்டியின்றி எம்.பி. ஆனார். ஓட்டுப்பதிவே இல்லை. "யாரும் வேண்டாம்" என்று சொல்ல நினைத்தவர் எந்தப் பொத்தானை அழுத்துவது?

மராட்டியத்திலும் அரியானாவிலும் மாநிலத் தேர்தல் கமிஷன்கள் 2018-ல் ஒரு படி மேலே போயின. உள்ளாட்சித் தேர்தலில் நோட்டா முதலிடம் வந்தால் யாரும் ஜெயித்ததாக ஆகாது, மறு தேர்தல் என்று உத்தரவு போட்டன. பார்லிமெண்டு தேர்தலுக்கும் இப்படி வேண்டும் என்ற மனுவில் 2024 ஏப்ரல் 26-ந் தேதி தேர்தல் கமிஷனுக்கு சுப்ரீம் கோர்ட்டு நோட்டீஸ் அனுப்பியது.

1,033 பேர்

நோட்டா வராத காலத்திலேயே, சதாசிவத்தின் அதே ஈரோடு மாவட்டத்தில் விவசாயிகள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் வேட்பாளர்களாக நின்றார்கள்! தங்கள் குறைகளை நாடு திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

ஓட்டுச்சீட்டு புத்தகம் மாதிரி ஆயிற்று. தேர்தலையே ஒரு மாதம் தள்ளி வைத்தார்கள். ஜெயித்தவர் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 88 வேட்பாளர்களுக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொள்ளவில்லை!

டெல்லி விழித்துக்கொண்டது. அதே ஆண்டு சட்டசபை டெபாசிட்டை 250 ரூபாயில் இருந்து 5 ஆயிரமாக ஏற்றியது. சுயேச்சைக்கு 10 பேர் முன்மொழிய வேண்டும் என்றது. பிறகு டெபாசிட் 10 ஆயிரம் ஆயிற்று. குறையைத் தீர்ப்பதை விட்டுக் கதவை அடைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் அந்த வழி சாகவில்லை. 2019-ல் தெலுங்கானாவில் நிஜாமாபாத் பார்லிமெண்டு தொகுதியில் 185 பேர் நின்றார்கள். பெரும்பாலோர் மஞ்சள் விவசாயிகள். கேட்டது மஞ்சள் வாரியம். அப்போதைய முதல்-மந்திரி சந்திரசேகர ராவின் மகள் கவிதாவே அங்கு தோற்றார். 2023 அக்டோபரில் மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் திறப்பு விழாவும் நடந்தது.

கெடுப்பதற்கு முன்

இந்தக் கணக்கை எல்லாம் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கோபம் எத்தனை பெரியது என்பதை வைத்து அரசாங்கம் அசைவதில்லை. எத்தனை பேர், எந்த ஊர், என்ன கேட்கிறார்கள் என்ற மூன்றும் தெரிந்தால்தான் அசைகிறது. கெடுத்த சீட்டில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

மிஷினில் நோட்டா இருக்கிற தேர்தலில் அதை அழுத்துங்கள். ஒருவரை ஜெயிக்க வைக்காவிட்டாலும், அது தனியாக எண்ணி எழுதப்படும். சீட்டு மட்டும் இருக்கிற தேர்தலில் கெடுக்கத்தான் வேண்டும் என்றால், தெருவே கூடிப் பேசி, காரணத்தை முன்னாலேயே கலெக்டர் ஆபீசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

தனி ஆளாகப் போய் ரகசியமாகக் கெடுத்த சீட்டு, யாருக்கும் தெரியாமல்தான் சீல் வைத்த கட்டுக்குள் போகும். தண்ணீர் குழாய் அப்படியேதான் இருக்கும்!