எரிமலை சுட்ட நிலக்கரி

சீனாவின் ச்செஜியாங் மாகாணத்தில் மெய்ஷான் என்ற ஊரில் பழைய சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. வெட்டியெடுத்த சரிவில் பாறைப் படிவங்கள் அடுக்கடுக்காகத் தெரியும். புவியியலாளர்கள் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்கள். 24-ஆம் படிவம் வரை கடல் உயிர்களின் எச்சங்கள் வளமாகக் கிடைக்கின்றன. அதற்கு மேலே, 25-ஆம் எண்ணாக, சில சென்டிமீட்டரே தடிமனுள்ள வெளிர்நிறக் களிமண். எரிமலைச் சாம்பல் கடலில் விழுந்து படிந்த அடையாளம் அது. அங்கிருந்து மூன்று நான்கு படிவங்கள் ஏறுவதற்குள் பழைய உயிரினங்களில் பெரும்பாலானவை காணாமல் போய்விடுகின்றன.

25.2 கோடி ஆண்டுகளுக்கு முன் பெர்மியன் காலம் முடிந்த இடம் இது. கடல்வாழ் இனங்களில் எண்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் அழிந்தன. ஏறத்தாழ 27 கோடி ஆண்டுகளாக நம் பூமியின் கடல்களில் வாழ்ந்து வந்த முக்கூறுடலிகளின் கடைசி வாரிசுகள் அப்போதுதான் பூண்டோடு போயின. பேரழிவு என்றதும் நமக்கு விண்கல்லும் டைனோசரும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் 1982-இல் டேவிட் ராப், ஜாக் செப்கோஸ்கி இருவரும் கடல் எச்சங்களின் பட்டியலைக் கணக்கிட்டுப் பிரித்துக் காட்டிய ஐந்து பேரழிவுகளில் மிகக் கொடியது இந்தப் பெர்மியன் முடிவு. இதற்கு விண்கல்தான் காரணம் என்று சொல்ல வலுவான சான்று கிடையாது.

காரணம் சைபீரியாவில் இருந்தது. அங்கே பூமி பிளந்து, முப்பது லட்சம் கன கிலோமீட்டருக்கு மேல் எரிமலைக் குழம்பு வெளிப்பட்டது. இது நெடுநாளாகத் தெரிந்த செய்திதான். ஆனால் மெய்ஷான் அழிவும் சைபீரிய எரிமலையும் ஒரே காலத்தவை என்று எப்படி நிறுவுவது? அதற்கு உதவியது சிர்கான் என்ற படிகம். மணலைவிடச் சிறியது. உருகிய குழம்பில் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே ஏற்கும், ஈயத்தை ஒதுக்கிவிடும். ஆகவே இன்று அதற்குள் ஈயம் இருந்தால், அது உள்ளே இருந்த யுரேனியம் சிதைந்து உண்டானதாகத்தான் இருக்க வேண்டும். இரண்டின் விகிதத்தை அளந்தால் படிகத்தின் வயது வந்துவிடும். எம்.ஐ.டி.யின் செத் பர்கெஸ், சாமுவேல் பௌரிங், சீனாவின் ஷென் ஷூஜோங் ஆகியோர் மெய்ஷான் சாம்பலில் கிடைத்த சிர்கான்களை அளந்து, 2014-இல் ஒரு விடை சொன்னார்கள். அழிவு நடந்து முடிய ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். கூடக் குறைய 48,000. புவியின் கணக்கில் இது கண்ணிமைப் பொழுது.

அதே அளவீட்டைச் சைபீரியப் பாறைகளிலும் செய்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. அழிவு தொடங்குவதற்குச் சுமார் மூன்று லட்சம் ஆண்டுகள் முன்பே குழம்பு நிலத்தின் மேல் கொட்டத் தொடங்கிவிட்டது. அவ்வளவு காலம் கொட்டியும் உயிர்கள் தாங்கிக்கொண்டன. மேலே வர வழியின்றிக் குழம்பு பக்கவாட்டில் பாறை அடுக்குகளுக்கு இடையே தகடு தகடாகப் புகுந்தபோதுதான் அழிவு தொடங்கியது. 2017-இல் வெளியான இந்த முடிவைத்தான் பேரழிவு ஆய்வில் கடந்த சில பத்தாண்டுகளில் வந்தவற்றில் முக்கியமானதாக நான் நினைக்கிறேன். எரிமலை எவ்வளவு பெரியது என்பதோடு நில்லாமல், அது எந்தப் பாறையைச் சுட்டது என்றும் கேட்கும்படி அது செய்துவிட்டது.

சைபீரியாவின் துங்குஸ்கா வடிநிலத்தில் அடியில் இருந்தவை நிலக்கரி, எண்ணெய் ஊறிய களிப்பாறை, சுண்ணாம்புக்கல், கனத்த உப்புப் படிவுகள். அவற்றின் நடுவே ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழம்பு புகுந்தது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரிமூட்டம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றுப் புகாமல் உள்ளே வேகும் விறகிலிருந்து புகை மட்டும் துளை வழியே வெளியேறிக்கொண்டிருக்கும். சைபீரியாவில் ஒரு நிலப்பரப்பே அப்படி வெந்தது. கரியமில வாயுவும் மீத்தேனும் அழுத்தம் தாளாமல் பாறையைத் துளைத்து மேலே வெடித்தன. அப்படி வெடித்த குழாய்கள் நூற்றுக்கணக்கில் இன்றும் அங்கே இருப்பதை ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஹென்ரிக் ஸ்வென்சென் குழு 2009-இல் விவரித்தது. உப்பு வெந்ததால் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் குளோரின் சேர்மங்களும் கிளம்பியிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, கனடாவின் ஆர்க்டிக் பகுதிப் பாறைகளில், அழிவுக்குச் சற்று முந்தைய படிவுகளில், எரிந்த நிலக்கரியின் நுண்துகள்கள் கிடைத்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் அவை அனல் மின் நிலையத்துச் சாம்பலை ஒத்திருந்தன.

செத்தவை எவை, பிழைத்தவை எவை என்று பார்த்தாலும் இதே விடைதான் வருகிறது. ஹார்வர்டின் ஆண்ட்ரூ நோல் கடல் உயிர்களை உடலமைப்பின்படி பிரித்துப் பார்த்தார். கனமான சுண்ணாம்புக் கூடு கட்டி, உடலின் அமிலச் சமநிலையைக் காத்துக்கொள்ளும் திறன் குறைந்தவை மிகுதியாக மாண்டன. பவளங்களில் அன்றிருந்த இரு பெரும் கூட்டங்களும் ஒன்றுகூட மிச்சமின்றி அழிந்தன. செவுளும் ரத்த ஓட்டமும் உடைய மீன்கள், சிப்பிகள், நத்தைகள் ஒப்பளவில் குறைவாக அழிந்தன. கரியமில வாயு மிகுந்து கடல்நீர் அமிலமாகி, சூடேறி, ஆக்சிஜனும் வற்றினால் யார் முதலில் சாவார்கள் என்று உடலியல் சொல்கிறதோ, அவர்களே செத்திருக்கிறார்கள். கோனோடோன்ட் என்ற விலாங்கு போன்ற உயிரியின் நுண்பற்களில் உள்ள ஆக்சிஜனை அளந்து, அழிவுக்குப் பிந்தைய காலத்தில் நிலநடுக்கோட்டுக் கடலின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கலாம் என்று 2012-இல் ஒரு குழு கணக்கிட்டது. குளிக்கவே சுடும் தண்ணீர் அது. நிலத்தில் சதுப்புக் காடுகளும் அழிந்தன. அடுத்த சுமார் ஒரு கோடி ஆண்டுகளுக்கு உலகில் எங்கும் குறிப்பிடத்தக்க நிலக்கரி உருவாகவில்லை.

எந்தப் பாறை சுடப்பட்டது என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு டைனோசர் கதைக்குப் போனால் அங்கும் இதே விடை கிடைக்கிறது. 1980-இல் லூயிஸ் ஆல்வரெஸும் மகன் வால்டரும் வேதியியலாளர்கள் ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மைக்கேலுடன் சேர்ந்து, இத்தாலியின் குப்பியோவில் ஒரு சென்டிமீட்டர் களிமண்ணில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டினார்கள். விண்கல்லில்தான் அந்த உலோகம் அப்படி மிகுந்திருக்கும். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சுமார் பத்து கிலோமீட்டர் அகலமான கல் விழுந்த பள்ளம், மெக்சிகோவின் சிக்சுலுப்பில் பின்னர் உறுதியானது. 2016-இல் கடலடியில் அந்தப் பள்ளத்தைத் துளையிட்டார்கள். மேலெழுந்த பாறைத் தண்டில், சுற்றுவட்டாரமெங்கும் மலிந்துள்ள ஜிப்சம் வகைப் பாறை ஏறக்குறைய இல்லவே இல்லை. அவ்வளவும் ஆவியாகி வானில் கந்தகமாய்ப் பரவி வெயிலை மறைத்திருக்கிறது. அந்தக் கல் ஆழ்கடலில் விழுந்திருந்தால் கதை வேறாயிருக்கக்கூடும்.

அதே காலத்தில் நம் தக்காணத்திலும் குழம்பு பொங்கிக்கொண்டிருந்தது. அஜந்தா, எல்லோரா குகைகளைக் குடைந்த கல் அதுதான். பிரின்ஸ்டனின் கெர்ட்டா கெல்லர் டைனோசர்களின் முடிவுக்கு அதையே காரணம் என்று பல்லாண்டுகளாக வாதிட்டார். தக்காணம் கடலைச் சில டிகிரி சூடாக்கியது உண்மை. ஆனால் விண்கல் விழுவதற்குள் அந்தச் சூடு தணிந்துவிட்டது என்று கடல் படிவுகள் காட்டுவதால், முதல் குற்றவாளி விண்கல்தான் என்பது என் தீர்ப்பு.

20.1 கோடி ஆண்டுகளுக்கு முன், ட்ரையாசிக் முடிவில், அட்லாண்டிக் பெருங்கடல் பிளக்கத் தொடங்கிய இடத்தில் குழம்பு பொங்கியது. அதன் கிளைகள் இன்றைய அமேசான் வடிநிலத்து உப்பையும் கரிமப் பாறைகளையும் சுட்டன. அதுவும் பேரழிவாக முடிந்தது. மாறாக, 13.4 கோடி ஆண்டுகளுக்கு முன் தென் பிரேசிலில் பெரும்பாலும் பாலைவன மணற்கல்லின் மேல் பரவிய பரானா குழம்பு, இகுவாசு அருவி விழும் கல், பேரழிவு எதையும் உண்டாக்கவில்லை. ஆர்டோவிசியன் முடிவில் நடந்த அழிவு இந்த வரிசையில் சேராது. அது பனியால், கடல் மட்டம் இறங்கியதால் நேர்ந்தது.

ஒடிசாவின் தால்சேர் சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரி, பாராதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தூத்துக்குடியில் இறங்குகிறது. அது பெர்மியன் காலக் கரி. அதை உண்டாக்கிய காடுகளில் மலிந்திருந்தது குளோசாப்டெரிஸ் மரம். நாக்குப் போன்ற அதன் இலையின் தடம் இந்தியாவின் நிலக்கரி வயல்களில் பதிந்து கிடக்கிறது. பெர்மியன் முடிவின் அழிவில் அந்த மர இனமும் போய்விட்டது. சைபீரியாவில் குழம்பு செய்த வேலையை இன்று அனல் மின் நிலையங்களும் வண்டிகளும் செய்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயு. மொத்த அளவில் நாம் சைபீரியாவின் பக்கத்தில்கூட இல்லை. ஆனால் அன்றைய வேகம் பற்றிய பெரும்பாலான கணக்குகளை நம் ஆண்டு வேகம் மிஞ்சி நிற்கிறது. மலைப்பாறைகள் மழையில் கரைந்து காற்றின் கரியை உறிஞ்சி முடிக்க லட்சம் ஆண்டுகள் வேண்டும் என்பதால், வேகம்தான் எனக்கு அச்சமூட்டுகிறது.

தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கு எதிரே மன்னார் வளைகுடா. அங்குள்ள பவளங்கள், பெர்மியன் அழிவுக்குப் பிறகு ட்ரையாசிக்கில் புதிதாகத் தோன்றிய வேறொரு கூட்டத்தின் வழிவந்தவை. அவையும் சுண்ணாம்புக் கூடு கட்டுகின்றன. அவற்றுக்கும் அமில நீரும் சூடும் ஆகாது. 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடானபோது அவை பரவலாக வெளிறின, ஒரு பகுதி செத்தும் போயின. நோல் வகுத்த பட்டியலில் அதிகம் மாண்டவை எவையோ, அவற்றின் இடத்தில்தான் இந்தப் பவளங்கள் இன்று இருக்கின்றன.