பிள்ளைகளா? பிராய்லர் கோழிகளா?

பறிபோகுது விளையாட்டு பீரியட், ஏறுது எடை!

சேலம்–

இரவு 7 மணி. டியூஷன் விடுகிறது. தள்ளுவண்டி முன்பு மாணவ–மாணவிகள் கூட்டம். தட்டுவடை செட்டு. மேலே ஒரு குளிர்பானம். பிறகு அப்பாவின் ஸ்கூட்டரில் ஏறி வீடு. அங்கே அம்மா, "நல்லா தின்னு கண்ணு! படிக்கத் தெம்பு வேணும்" என்று மறுபடி பரிமாறுகிறார்.

தெம்பு ஏறவில்லை. எடைதான் ஏறுகிறது!

நாமக்கல், ராசிபுரம் வட்டாரம் ஹாஸ்டல் பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போனது. விடியலில் எழுப்பி, இரவு வரை உட்கார வைத்துப் படிக்க வைக்கும் பள்ளிகளுக்கு ஜனங்கள் வைத்த பேர் "பிராய்லர் பள்ளி".

2017-ல் பிளஸ்-2 ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு "நீட்" வந்தது. பிள்ளைகள் பெஞ்சை விட்டு எழவே இல்லை.

கோழிக் கணக்கு

பிராய்லர் குஞ்சு சுமார் 40 நாளில் 2 கிலோ ஆகிவிடும். வேளா வேளைக்குத் தீவனம்; ஓடியாட இடமில்லை. பண்ணைக்காரர் அறிந்த கணக்கு, பெற்றோருக்குத் தெரியாதா?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015–16-ல் 100-க்கு 31 பேர். 2019–21-ல் 40 பேர்! ஆண்களில் 28, 37 ஆனது.

அழுக்கு அல்ல!

குண்டான பிள்ளையின் பிடரியில் கருப்புப் படை தெரிகிறதா? தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டிப் பயனில்லை. அது அழுக்கு அல்ல; சர்க்கரை நோய்க்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். சில பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கும் தள்ளிப்போகும். உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கடன் வாங்கிய பீரியட்

வாரத்தில் கிடைப்பதே ஒன்றிரண்டு பி.டி. பீரியட். பரீட்சை நெருங்கினால் அதையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது உதயநிதி ஸ்டாலினே, "அதைக் கடன் வாங்காதீர்கள்" என்ற பொருளில் 2023-ல் கேட்டுக்கொண்டார்.

தினம் 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 13 முதல் 18 வயதுக்கு 8 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். நொறுக்குத் தீனியைக் கை தேடும்.

அதற்காகப் பட்டினி போடக் கூடாது. காலைச் சாப்பாட்டை நிறுத்தவும் கூடாது. குளிர்பானத்துக்குப் பதில் மோர். பொரித்த பண்டத்துக்குப் பதில் அவித்த நாமக்கல் முட்டை. டியூஷனுக்கு ஸ்கூட்டர் வேண்டாம், சைக்கிள் போதும்.

மார்க் சீட்டை வாங்கியதும் முதலில் கூட்டுத்தொகை பார்க்கும் பெற்றோரே! அடுத்த முறை பிள்ளையின் பிடரியையும் ஒருதரம் பாருங்கள்.