சீருடை: யார்மீது கட்டாயம்?

அரசுப் பள்ளிகளில் சீருடை கட்டாயமாக இருக்க வேண்டுமா? ஒழுங்கு வேண்டும் என்போர் ஒரு பக்கம், பிள்ளையின் விருப்பம் முக்கியம் என்போர் மறு பக்கம். நாம் வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. நமக்கு உடையும் படிப்பும் ஒரே பட்டியலில் மறுக்கப்பட்டவை.

1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்களின் துணி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, பெண்கள் ரவிக்கை அணியக் கூடாது என்பவை அவற்றில் சில. மறு ஆண்டு தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பதும் சேர்ந்துகொண்டது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் ஹட்டன் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு முன்பே, 1894-இல், இங்கே அடையாறில் பஞ்சமர் பிள்ளைகளுக்கென்று ஆல்காட் ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்க வேண்டியிருந்தது.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், நம் பிள்ளை எல்லாரையும் போன்ற சட்டையோடு எல்லாரும் உட்காரும் பெஞ்சில் உட்காருவது சின்ன விஷயமல்ல. காமராசர் ஆட்சியில் மதிய உணவோடு இலவசச் சீருடையும் வந்தது. இன்று சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்துள்ள 1 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களுக்கு ஆண்டுக்கு நான்கு செட் தரப்படுகிறது. பெண்கள் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் அதைத் தைக்கின்றன. பள்ளி திறக்கும்போது, புதிய பஸ் பாஸ் கைக்கு வரும்வரை, சீருடையே அரசுப் பேருந்தில் டிக்கெட். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் நகரத்துக்குள் படிக்க வரும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நாம் அறிவோம்.

ஆனால் சீருடை சாதியை ஒழித்துவிடவில்லை. சட்டை ஒன்றானதும் சாதி மணிக்கட்டுக்கு இடம் மாறியது. வண்ணக் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி 2019-இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அது நடைமுறைக்கு வராமலே போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். காலை எட்டரை மணிக்கு மயிலாப்பூர் குளக்கரையில் நின்றால், எந்தப் பிள்ளை அரசுப் பள்ளி, எந்தப் பிள்ளை தனியார் பள்ளி என்பதைச் சட்டையே சொல்லிவிடும். வகுப்பறைக்குள் சமமாக்கும் சீருடை, தெருவில் பிரித்துக் காட்டுகிறது. இது துணியின் குற்றமல்ல. பள்ளிகளைக் காசுக்கேற்பப் பிரித்து வைத்திருப்பதன் விளைவு.

கட்டாயம் வெளியே தள்ளும் கருவியாகவும் மாறலாம். கர்நாடகத்தில் 2022-இல் சீருடையின் பெயரால் ஹிஜாப் அணிந்த மாணவிகள் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அரசாணையை ஏற்றது. உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அக்டோபரில் மாறுபட்ட தீர்ப்பு அளித்தனர். அவர்களில் நீதிபதி துலியா, அந்தப் பெண்ணின் படிப்பையே முதன்மையாகக் கருதினார். நாமும் அங்கேதான் நிற்கிறோம். உடையைக் காட்டி வாசலில் நிறுத்தப்படும் வலி நமக்குப் புதிதல்ல.

ஆகவே நம் விடை இது: சீருடை இருக்கட்டும், ஆனால் கட்டாயம் முதலில் அரசின்மீது இருக்கட்டும். மாநிலத்தின் இலவசச் சீருடைத் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. வேலைக்குப் போகச் சொல்லி வீட்டுக் கஷ்டம் இழுக்கும் வயது அதற்குப் பிறகுதான் வருகிறது. தி. நகர் கடையில் இரண்டு செட் எடுத்தால் கூலிக்காரத் தாயின் சில நாள் சம்பளம் போய்விடும். பன்னிரண்டாம் வகுப்பு வரை, சத்துணவுப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல், சரியான அளவில், பள்ளி திறக்கும் நாளிலேயே சீருடை கிடைக்க வேண்டும். சீருடை இல்லை என்று ஒரு பிள்ளையைக்கூட வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது.

மாணவத் தோழர்களே, உங்கள் தெருவிலுள்ள பள்ளியில் இதைக் கேளுங்கள்: இந்த ஆண்டுச் சீருடை எந்தத் தேதியில் வந்தது? வராத நாட்களில் பழைய சட்டையோடு வந்த பிள்ளை எங்கே உட்கார்ந்திருந்தது?