கள்ளுக்கடை ஏலம்

கள்ளுக்கடை ஏலம் என்பது கள் விற்கும் உரிமையை அரசு குறிப்பிட்ட காலத்திற்குப் பொது ஏலத்தில் விடும் முறையாகும். கடைக் கட்டடம் அல்லாமல் விற்பனை உரிமையே ஏலம் விடப்பட்டது. மிகுந்த தொகை கேட்டவர் அவ்வுரிமையைப் பெற்றார்.

தமிழ்நாட்டில் 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன. 1973 இல் மூடப்பட்ட அவை, 1981 இல் மீண்டும் திறக்கப்பட்டு 1987 இல் மூடப்பட்டன. பிற மதுக்கடைகளின் உரிமையைத் தனியாருக்கு வழங்கும் முறை 2003 இல் முடிவுற்று, சில்லறை விற்பனை அரசு நிறுவனமான டாசுமாக்கிடம் சென்றது.

கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டிய கேரளத்தில் கள்ளுக்கடைகள் உரிமம் பெற்று இயங்குகின்றன. எனவே எல்லைக்கு அப்பால் தொழிலாக உள்ள கள்ளிறக்குதல் இம்மாவட்டத்தில் குற்றமாகும். இங்குள்ள பனையேறிகள், சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் அக்கானியையும் (பதநீர்) அதைக் காய்ச்சிப் பெறும் கருப்பட்டியையும் சார்ந்துள்ளனர்.