காற்று கூடியதா, பெட்ரோல் குறைந்ததா?

1 கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று தேவை. இந்த விகிதத்தைவிடக் காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ அது 'லீன்' கலவை. அப்போது ஐடிலிங் தடுமாறும், மிஸ்ஸிங் வரும், பிக்கப் போய்விடும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பாரம் ஏறும்போது என்ஜின் தட்டும்; நாளடைவில் வால்வும் பிஸ்டனும் கெடலாம்.

புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை காட்டும். எரிந்தபின் ஆக்சிஜன் மிஞ்சினால் வோல்ட் குறைவாகவே நிற்கும். உடனே என்ஜினின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும். இந்தத் திருத்தத்தின் பெயர் ஃபியூயல் டிரிம். 10 சதவீதம் வரை இருந்தால் கவலையில்லை. 20, 25 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் செக் என்ஜின் விளக்கு எரியும்; ஸ்கேனரில் பி0171 என்ற கோடு வரும். கலவை லீன் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

கோளாறு எப்போது தலைகாட்டுகிறது என்பதில்தான் விடை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே உள்ள மம்சாபுரத்துக்காரர்கள் கடைவீதி நெரிசலிலும் ஓட்டுகிறார்கள். 744ஆம் எண் நெடுஞ்சாலையில் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்திலும் ஓட்டுகிறார்கள். நெரிசலில் நிற்கும்போது டிரிம் உயர்ந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று கசிகிறது. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று கொஞ்சம்தான். அதில் சிறு கசிவும் பெரும் பங்காகிவிடும். வாக்யூம் ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ், இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சூட்டில் இறுகிய ரப்பரின் வெடிப்பு மேலோட்டமாகத் தெரியாது. ஹோஸின் முனையை வளைத்தால்தான் வாய் திறக்கும். புகை செலுத்திப் பார்ப்பது பாதுகாப்பான வழி. சூடான என்ஜின்மேல் பெட்ரோலோ ஸ்பிரேயோ அடித்தால் தீப்பிடிக்கலாம். மேனிஃபோல்டு அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் உள்ள கார்களில் இதே கசிவு, டிரிம் ஏறாமல் ஐடிலிங் வேகம் கூடுவதாக மட்டும் வெளிப்படலாம்.

ஐடிலிங் சீராக இருந்து, ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் டிரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. அடைத்த ஃபில்ட்டர், தளர்ந்த பம்ப், அழுக்கேறிய இன்ஜெக்டர் ஆகியவை வழக்கமான காரணங்கள். பிரஷர் கேஜ் வைத்து அளந்த பிறகே பம்பை மாற்ற வேண்டும். காற்றளவு சென்சாரில் தூசி படிந்து, வரும் காற்றைக் குறைத்துக் காட்டினாலும் இதே அறிகுறி தெரியும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு 13.5 கிலோ காற்றே போதும். கம்ப்யூட்டர் உள்ள கார் இதைத் தானே சரிசெய்துகொள்ளும். பழைய கார்புரேட்டர் வண்டி லீனாகவே ஓடும்.

பொய்யான லீனும் உண்டு. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாய் ஓட்டையானால் வெளிக்காற்று உள்ளே புகும். ஸ்பார்க் பிளக் பொறி விடாவிட்டால் பயன்படாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். இரண்டிலும் சென்சார் லீன் என்றே சொல்லும்.

பழுது நீக்கியதும் ஸ்கேனரில் வந்த பி0171 கோடை அழித்துவிட்டு, நெரிசலிலும் ஏற்றத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும் டிரிம் பூஜ்யத்தை ஒட்டி நின்றால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.