உசுரைக் காப்பாத்தினாலும் கேஸ் வரும்

மதுரையிலிருந்து அழகர்கோவில் போகிற வழியில் வயலோரம் மயில் மேய்வது தினப்படிக் காட்சி. வரப்பு வெட்டும்போது முட்டை தட்டுப்படும். பாவம் பார்த்து எடுத்துவந்து கோழிக்கு அடைவைக்கிறவர்கள் உண்டு. குஞ்சு பொரித்ததும் முற்றத்தில் கோழியோடு கோழியாகத் திரியும். கேட்டால், "உசுரைக் காப்பாத்தினேன்" என்பார்கள். உண்மைதான். ஆனால் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுயிரைப் பிடிப்பதும் பறவைக் கூட்டைக் கலைப்பதும் முட்டையைத் தொந்தரவு செய்வதும் 'வேட்டை'யில்தான் சேரும்.

மயில், தேவாங்கு, கட்டாமை என்கிற நட்சத்திர ஆமை ஆகிய மூன்றும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, இவை தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். கூண்டுக்கிளி இரண்டாம் அட்டவணை. அதற்கும் 3 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாட்டி காலத்திலிருந்து வளர்க்கிறோம் என்பது கோர்ட்டில் எடுபடாது.

அப்படியானால் அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தும் பாராமல் போய்விட வேண்டுமா? தேவையே இல்லை. காட்டுயிர் எந்த வழியில் கைக்கு வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் பக்கத்துக் காவல் நிலையத்திலோ வனத்துறையிடமோ தெரிவித்து, கேட்டால் ஒப்படைக்க வேண்டும் என்கிறது 39-ஆவது பிரிவு. நம்மையே பிடித்து உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் பலரைத் தடுக்கிறது. கண்ட இடத்திலேயே போட்டோ எடுத்துக்கொண்டு உடனே 112-க்குப் பேசுங்கள். பேசிய நேரம் போனில் பதிவாகிவிடும், அதுவே உங்களுக்குச் சாட்சி. ஒப்படைக்கும்போது எழுத்தில் ரசீது கேட்டு வாங்குங்கள்.

ஆள் வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வண்டியில் அடிபட்ட மயிலின் தலையைத் துணியால் மூடி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், சத்தமில்லாத நிழலில் வையுங்கள். தண்ணீர் புகட்டாதீர்கள். அலகைப் பிளந்து ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். பாலும் வேண்டாம். கிணற்றில் விழுந்த மானை நீங்களே கயிறு கட்டி இழுக்கப் பார்க்காமல், தீயணைப்புத் துறைக்கு 101-ஐ அழுத்துங்கள்.

அழகர்மலையில் நூபுர கங்கைத் தீர்த்தத்துக்கு ஏறுகிற பாதையில் கதை வேறு. அங்கே நாம் கொடுத்த பழமும் பொரியும்தான் குரங்கைப் பை பறிக்கப் பழக்கியது. கடித்தாலோ கீறினாலோ மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி அங்கே இலவசம். காயம் ஆழமென்றால் இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இன்னொரு ஆபத்து செல்போனில் வருகிறது. ரத்தம் வடியும் குரங்குக் குட்டியின் படத்தோடு ஒரு ஜிபே எண். நேர்மையாக உழைக்கிற தொண்டு நிறுவனங்கள் பல இருக்கின்றன, அவர்கள் பெயரைக் கெடுப்பவை இப்படிப் படம் போட்டுப் பணம் கேட்கும் பக்கங்கள்தான். பணம் அனுப்புமுன் டிரஸ்ட் பதிவு எண்ணையும் கடந்த ஆண்டுக் கணக்கையும் கேளுங்கள். வரிச்சலுகைக்கான ரசீது தருவார்களா என்றும் விசாரியுங்கள். நாய், மாட்டுக்குக் காப்பகம் நடத்துவது வேறு, காட்டுயிரை வைத்திருப்பது வேறு. இரண்டாவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும், மீட்பு மையமாக நடத்தினால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்தின் அங்கீகாரமும் வேண்டும். வீடியோவுக்குப் பிறகு அந்தக் குட்டி எங்கே போனது என்று ஒரே ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். ஒப்படைத்த ரசீதைக் காட்டுகிறவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பாம்பைக் கழுத்தில் மாலையாகப் போட்டுச் சிரிப்பவருக்கு ஒரு பைசா தர நான் தயாரில்லை.

ஒவ்வொரு உயிராகத் தூக்கிக் காப்பாற்றுவதைவிட அதன் இருப்பிடத்தைக் காப்பாற்றுவது பெரிய வேலை. மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி அதைச் செய்து காட்டியது. லகர் வல்லூறும் தேவாங்கும் வாழும் அந்தக் குன்றுகளில் சுமார் 193 ஹெக்டேர், 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமானது. 2024 நவம்பரில் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் மதுரைக்குத் திரண்டு வந்தார்கள், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊராட்சியில் அதில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் சொல்லுங்கள்.